மாத்திரையை எந்தத் தண்ணியில் போடுறீங்க?

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. மகளுக்குத் தெரியும், மருமகனுக்குத் தெரியாது. விளாத்திகுளத்தைச் சுற்றியிருக்கும் கரிசல் ஊர்களில் ஒன்றில் குடியிருக்கிறேன். ஊர்ப் பெயரையும் என் பெயரையும் இங்கே எழுதவில்லை. என் சம்மதம் இல்லாமல் என் நோயை யாரும் வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 2018 செப்டம்பரில் அது அமலுக்கு வந்தது. அந்தச் சட்டத்தை நம்பித்தான், பெயரை மட்டும் என்னிடம் வைத்துக்கொண்டு மீதி எல்லாவற்றையும் சொல்கிறேன்.

சொல்ல வந்தது தண்ணீரைப் பற்றி. எச்.ஐ.வி. என்று பேச்சு வந்தாலே ஊசி, ரத்தம், படுக்கை என்றுதான் எல்லோருடைய புத்தியும் போகும். நெடுங்காலமாக இதோடு வாழ்கிற எனக்கு முதலில் ஞாபகம் வருவது தண்ணீர்தான்.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். வத்தல் சீசனில் விளாத்திகுளத்திலிருந்து வத்தல் மூட்டை ஏற்றுவார், மற்ற மாதங்களில் கரி மூட்டை. சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டு எடுக்கிற கரிதான் மழை பொய்த்த வருஷங்களில் எங்கள் பக்கத்துக்குச் சோறு போட்டது. வடக்கே போனால் திரும்பி வர வாரக்கணக்காகும். நோய் எப்படி வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக இந்தக் கிருமியைக் கண்டறிந்தபோது நான் பாவாடை சட்டையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். எங்கோ பட்டணத்து நோய் என்று எல்லோரும் நினைத்தது, நான் கல்யாணமாகிப் பிள்ளை பெற்று நிமிர்வதற்குள் கரிசல் காட்டு வீட்டுக்குள் வந்துவிட்டது.

அவர் இறந்தபோது ஊர் “எய்ட்ஸ்ல செத்தான்” என்றது. பக்கத்திலிருந்து பார்த்த எனக்குத் தெரியும், அவர் பேதியில் செத்தார். மாதக்கணக்கில் நிற்காத பேதி. லாரியின் ஸ்டியரிங்கைப் பிடித்த கை, சொம்பைப் பிடிக்க முடியாமல் நடுங்கியது. கண் குழி விழுந்து, தோலை இழுத்துவிட்டால் அப்படியே நின்றது. என் அத்தை வாசலில் உட்கார்ந்து அழுவார்: “தண்ணி தண்ணின்னுதான் கேக்கான். குடுத்தா ஒடனே போயிருது. என்னத்தக் குடுக்க?” தண்ணீர் கொடுத்தால் பேதி கூடும் என்று அப்போது பலரும் நம்பினார்கள். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்து, மடக்கு மடக்காகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லித்தர எங்கள் தெருவில் ஆள் இல்லை. 2004 ஏப்ரல் 1-ம் தேதி அரசாங்கம் இலவசக் கூட்டு மருந்தைக் கொடுக்கத் தொடங்கியது. தாம்பரம் சானடோரியமும் அதில் ஒரு மையம். அவர் அதற்கு முந்தைய கோடையிலேயே போய்விட்டார்.

அந்தக் கோடையில் எங்களுக்குத் தண்ணீர் வந்த வழியைச் சொல்ல வேண்டும். ஆழ்துளைக் கிணற்றில் உப்புத் தண்ணீர். பாத்திரம் கழுவலாம், வாயில் வைக்க முடியாது. ஊருணியில் கிடந்தது கலங்கல். தேத்தாங்கொட்டையைப் பானையின் உள்பக்கம் உரசிவிட்டால் கலங்கல் அடியில் இறங்கி மேலே தெளிந்துவிடும். எங்கள் பாட்டிமார் காலத்திலிருந்து அதுதான் வழக்கம். தெளிந்த தண்ணீரை நல்ல தண்ணீர் என்றே நம்பினோம். வைப்பாற்று மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மொண்டு ஊற்றினால் ஒரு குடம் நிறைய அரைமணி நேரமாகும். இருட்டில் போனால்தான் முறை கிடைக்கும். தெருக்குழாய் என்றோ ஒருநாள் வரும். வரும்போதும் வேகம் இருக்காது என்பதால் தரைக்குக் கீழே ஆழக் குழி வெட்டி, அங்கே குழாயை அறுத்து, குழிக்குள் இறங்கித்தான் பிடிப்போம். மழை பெய்தால் சாக்கடை அந்தக் குழியில் நிற்கும். நாய் வந்து குடிக்கும். குழாயில் தண்ணீர் நின்றதும் குழியில் கிடப்பது உள்ளே இழுபடும் என்பது பின்னால் தெரிந்துகொண்ட விஷயம். மறுமுறை திறந்துவிடும்போது முதலில் வருவது அதுதான்.

அவர் இறந்த பிறகு அந்தக் குழியடியில்தான் எனக்கு அது நடந்தது. வரிசையில் வைத்திருந்த என் குடத்தைப் பார்த்து, என்னோடு களை வெட்டியவர், என் மகளுக்கு மொட்டை போட்டபோது மடியில் வைத்திருந்தவர், “மதினி, கோவிச்சுக்கிடாதீங்க, ஒங்க கொடத்தக் கொஞ்சம் தள்ளி வையிங்க. கடைசியாப் புடிச்சுக்கிடலாம்” என்றார். குரலில் வெறுப்பு இல்லை. பயம் இருந்தது. மற்றவர்கள் குனிந்துகொண்டார்கள். அதன் பிறகு நான் எப்போதும் கடைசி. கடைசியில் நிற்பவளுக்கு வரும் தண்ணீர் அரைக்குடம், அதுவும் மண்டி.

எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காகச் சுவரெல்லாம் புலிராஜா விளம்பரம் எழுதியிருந்த காலம் அது. புலிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்று ஊரெல்லாம் கேட்டது. ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தால் வராது, ஒரே டம்ளரில் குடித்தால் வராது, ஒரே கண்மாயில் குளித்தால் வராது என்பது அந்தக் குழியடிக்கு வந்து சேரவில்லை. எச்.ஐ.வி. தண்ணீரில் பரவாது; குடத்திலும் எச்சிலிலும் பரவாது. ஆனால் தண்ணீரில் பரவும் பல கிருமிகள், எதிர்ப்புச் சக்தி குறைந்த எச்.ஐ.வி. உள்ளவரைத்தான் முதலில் சாய்க்கும். அந்த வரிசையில் பயப்பட வேண்டியவள் நான். என் குடத்தால் அவர்களுக்கு ஓர் ஆபத்தும் இல்லை. அந்தக் குழியால் எனக்கு உயிராபத்து இருந்தது. இதை எனக்கு விளங்க வைத்தவர் ஓர் ஆற்றுப்படுத்துநர்.

கூட்டு மருந்து வாங்க முதலில் தாம்பரத்துக்குப் போனேன். பிறகு தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே அந்த மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையம் வந்தது. அங்கே அந்த ஆற்றுப்படுத்துநர் பெண் என் கையில் மாத்திரை டப்பாவைக் கொடுத்து, எப்போது சாப்பிட வேண்டும், ஒருவேளைகூட ஏன் விடக் கூடாது என்றெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்டார்: “அக்கா, மாத்திரையை எந்தத் தண்ணியில் போடுறீங்க?”

“குழித் தண்ணிதான் தாயி.”

அவர் டப்பாவை மேஜை மேல் வைத்துவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். அன்று அவர் சொன்னதையும், பிறகு நானே களப்பணிக்குப் போனபோது பயிற்சிகளில் கேட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

நம் ரத்தத்தில் சி.டி.4 என்ற அணுக்கள் உண்டு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியை நடத்துபவை அவை. சாதாரணமாக 500-க்கு மேல் இருக்கும். 200-க்குக் கீழே இறங்கினால், மற்றவருக்கு இரண்டு நாளில் நிற்கிற பேதி நமக்கு மாதக்கணக்கில் நிற்காமல் போகலாம். கிரிப்டோஸ்போரிடியம் என்று ஓர் ஒட்டுண்ணி. மனிதர், கால்நடைக் கழிவிலிருந்து தண்ணீருக்கு வரும். வழக்கமாகப் போடும் குளோரின் அளவுக்கு அது சாகாது. 1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில், சுத்திகரித்துக் குழாயில் அனுப்பிய தண்ணீரிலேயே அது கலந்துவிட்டது. சுமார் 4 லட்சம் பேருக்கு வயிறு கெட்டது. பெரும்பாலோர் பிழைத்தார்கள். இறந்தவர்களில் மிகப் பலர் எய்ட்ஸ் நோயாளிகள். அவ்வளவு பணமும் இயந்திரமும் உள்ள ஊரில் அப்படி. ஐசோஸ்போரா என்று இன்னொன்று; நம் நாட்டில் எங்களைப் போன்றவர்களிடம் அடிக்கடி காணப்படுவது. அதற்கு மருந்து இருக்கிறது. சி.டி.4 குறைந்தவர்களுக்கு மையத்தில் தினமும் போடச் சொல்லித் தரும் கோட்ரிமாக்சசோல் மாத்திரை அதையும் தடுக்கும். என் வீட்டுக்காரர் குடலில் இருந்தது எது என்று யாரும் பார்க்கவில்லை.

இன்னொன்றும் சொன்னார்கள். பேதி நிற்காமல் போனால் விழுங்கின மாத்திரை உடம்பில் சேராமலே வெளியேறிவிடக்கூடும். மாத்திரை குறைந்தால் கிருமி தலைதூக்கும், அந்த மருந்துக்கே பழகிவிடும். இப்போது நாங்கள் சாப்பிடுவது மூன்று மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை. அதில் டெனோஃபோவிர் என்ற மருந்து சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் அவ்வப்போது ரத்தத்தில் கிரியேட்டினின் பார்ப்பார்கள். பங்குனி வெயிலில் வத்தல் காயப்போடும் களத்திலும் கரிமூட்டத்தின் பக்கத்திலும் நிற்கிறவள் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் அந்தச் சிறுநீரகம் என்னாகும்?

அன்றிலிருந்து என் வீட்டில் தண்ணீர் காய்ச்சாத நாள் இல்லை. வெள்ளை வேட்டியை நான்காக மடித்து வடிகட்டி, அடுப்பிலேற்றி, தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிஷம் விட்டு இறக்க வேண்டும். அந்த ஒரு நிமிஷத்தில் கிரிப்டோஸ்போரிடியமும் செத்துப்போகும். விறகுக்குப் பஞ்சமில்லை, வேலியெல்லாம் சீமைக்கருவேலம். புகை வாடை அடிக்கும், பழகிவிடும். இறக்கிய தண்ணீரை வேறு பானையில் ஊற்றினால் அந்தப் பானையும் சுத்தமாக இருக்க வேண்டும். நான் குழாய் வைத்த எவர்சில்வர் பானை வாங்கினேன். காய்ச்சிய தண்ணீரை எத்தனையோ வீடுகளில் டம்ளரோடு கையை உள்ளே விட்டு மொள்வதைப் பார்த்திருக்கிறேன். காய்ச்சின பலனெல்லாம் அந்த விரலில் போய்விடும். கக்கூசுக்குப் போய் வந்ததும், சமைக்கும் முன்பும், சாப்பிடும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். காட்டுக்குப் போகிற வழக்கம் இருந்தவரை இது முழுசாகக் கைகூடவில்லை. தண்ணீரில்லாத ஊரில் கக்கூஸ் கட்டிக் கொடுத்தாலும் விறகு அடுக்கத்தான் பயன்படும்.

இதைவிடக் கஷ்டமானது வீட்டுக்கு வெளியே. எங்கள் பக்கத்தில் வந்தவருக்கு முதலில் சொம்பில் தண்ணீர் கொடுப்பார்கள். வாங்கிக் குடிக்காவிட்டால் அந்த வீட்டை மதிக்கவில்லை என்று பொருள். சாதியைப் பார்த்தா, சண்டையா என்று கேட்பார்கள். கோயில் கொடையில் பானக்காரம், கம்மங்கூழ், துட்டி வீட்டில் காப்பி, எதையும் நான் யோசித்துத்தான் தொட வேண்டும். கொதித்த காப்பியைக் குடிப்பேன். பானக்காரத்தை வாங்கி உதட்டில் வைத்துவிட்டு, யாரும் பார்க்காதபோது பக்கத்துக் குழந்தையின் பாட்டியிடம் நகர்த்திவிடுவேன். பையில் எப்போதும் என் தண்ணீர்ப் பாட்டில் இருக்கும். “வீட்டுத் தண்ணிதான் எறங்குமோ?” என்று கேட்டவர்களிடம் டாக்டர் சொன்னார், அல்சர் என்று சொல்லியிருக்கிறேன். சுத்தமாக இருப்பதே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடுமோ என்று பயந்து எத்தனை பேர் கிடைத்த தண்ணீரைக் குடித்துவிட்டு நோயில் விழுகிறார்கள் என்பதைக் களப்பணியில் பார்த்தேன்.

எச்.ஐ.வி. உள்ளோர் கூட்டமைப்பு ஒன்றில் சில காலம் களப்பணியாளராக இருந்தேன். புதூர், நாகலாபுரம் பக்கமெல்லாம் போவேன். மாத்திரையை விட்டவர்களைத் தேடிப் போய்ப் பேசித் திரும்ப மையத்துக்கு அழைத்து வருவதுதான் வேலை. ஒரு வீட்டில் வயதான அம்மா, படுத்த படுக்கையான மகனுக்கு எல்லாம் செய்துகொண்டிருந்தார். பேதித் துணியைத் துவைக்கப் பயம். தொட்டால் தனக்கும் வந்துவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பயந்துகொண்டே துவைத்தார், மகன் அல்லவா. அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்: மலத்தால், மூத்திரத்தால், வியர்வையால் இது வராது. ரத்தம் இருந்தால் மட்டும், நம் கையில் வெட்டுக்காயம் இருந்தால், கவனமாக இருக்க வேண்டும். கையுறை இல்லையென்றால் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளலாம். துணியை பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் ஊறப்போட்டு, சோப்பில் அலசி, நல்ல வெயிலில் காயப்போட்டால் போதும். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “இம்புட்டுக்கும் தண்ணிக்கு எங்க தாயி போவேன்?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பேதிக்காரர் இருக்கும் வீட்டுக்கு மற்ற வீட்டைப்போலப் பல மடங்கு தண்ணீர் வேண்டும். குடிக்க, குளிப்பாட்ட, துவைக்க, தரையைக் கழுவ, செய்தவர் கை கழுவ. அந்த அம்மாவின் முதுகு ஒரு நாளைக்கு எத்தனை குடம் தாங்கும்?

உகாண்டாவில் டொரோரோ என்ற ஊர்ப்பக்கம் எச்.ஐ.வி. உள்ள குடும்பங்களுக்குக் குளோரின் கரைசலும் வாய் குறுகிய, குழாய் வைத்த பாத்திரமும் கொடுத்துப் பார்த்தார்கள். 2005-ல் வெளியான அந்த ஆய்வில், அதனால் மட்டும் பேதி கால் பங்கு குறைந்தது. கோட்ரிமாக்சசோலும் சேர்ந்தபோது இன்னும் நன்றாகக் குறைந்தது. பெரிய மருத்துவமனை தேவைப்படாத விஷயம் இது.

எங்கள் பக்கம் இன்னொரு சிக்கலும் உண்டு. காய்ச்சினால் கிருமி சாகும். உப்பு போகாது, புளோரைடு போகாது. உப்புத் தண்ணீரைக் காய்ச்சக் காய்ச்ச உப்புத்தான் கூடும். அதனால் குடிக்கிற தண்ணீரை விலைக்கு வாங்க வேண்டியிருக்கிறது. வண்டித் தண்ணீர் குடம் 15 ரூபாய்க்கு வாங்கிய கோடைகள் உண்டு. நாளெல்லாம் வத்தலுக்குக் காம்பு கிள்ளிச் சம்பாதித்ததில் எவ்வளவு குடத்துக்குப் போயிற்று என்பது என்னைப் போன்ற பெண்களுக்குத் தெரியும். பல ஆயிரம் ரூபாய் பெறுமான மருந்தை அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிறது. அதற்கு நான் சாகும்வரை நன்றியோடு இருப்பேன். அந்த மருந்து வேலை செய்ய வேண்டிய உடம்புக்குள் போகிற தண்ணீருக்கு மட்டும் காசு என்பது சரியில்லை.

2018 டிசம்பரில், பக்கத்துச் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு எச்.ஐ.வி. உள்ள ரத்தம் ஏற்றப்பட்ட செய்தி வந்தது. அந்தப் பிள்ளையை நினைத்து நான் தூங்கவில்லை. ஊர்ப் பேச்சோ டீக்கடை கிளாசுக்கும் தெருக்குழாய்க்கும் திரும்பிவிட்டது. இத்தனை வருஷம் கழித்தும் பயம் அதே இடத்தில்தான் இருந்தது.

பிறகு 2023 டிசம்பர் 17, 18. எங்கள் மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி பெருக்கெடுத்து, ஆற்றங்கரையில் இருந்த கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் நீரேற்று நிலையங்கள் மூழ்கிக் கெட்டன. எங்கள் குழாய்க்கு வருவதும் தாமிரபரணித் தண்ணீர்தான். மாவட்டமே வெள்ளத்தில் நிற்க, குடிக்கத் தண்ணீரில்லை. என்னிடம் மாத்திரை இருந்தது, விறகு நனைந்திருந்தது. வரிசையில் எல்லோரும் நின்றோம், கிடைத்ததைப் பிடித்தோம். அன்று எவரும் யார் குடத்தையும் பார்க்கவில்லை.

தண்ணீருக்காக நாங்கள் தனியாக எதுவும் கேட்க முடியாது. எச்.ஐ.வி. உள்ளவர் வீட்டுக்கு முதலில் குழாய் என்று அரசாங்கம் நல்லெண்ணத்தோடு சொன்னாலும், அந்தக் குழாயே எங்களை ஊருக்குச் சொல்லிவிடும். அதனால் எல்லா வீட்டுக்கும் நல்ல தண்ணீர் வந்தால்தான் எங்களுக்கும் வரும். 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமத்து வீட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று சொல்கிறது. அந்த 55 லிட்டர் சுத்தமாக, தினமும், கரிசல் காட்டின் கடைசித் தெருவுக்கும் வந்தால், நோயைச் சொல்லாமலே நாங்கள் பிழைத்துக்கொள்வோம்.

ஊராட்சித் தலைவர்களுக்கும் தண்ணீர் திறந்துவிடுகிறவர்களுக்கும் என் வேண்டுகோள்: மேல்நிலைத் தொட்டியைக் கழுவும் நாளைத் தவறவிடாதீர்கள். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சமிருக்க வேண்டும் என்பது விதி. தொட்டியடியில் பார்த்துவிட்டுத் திரும்பாமல் கடைசி வீடு வரை நடந்து வந்து பாருங்கள். தரைக்குக் கீழே இருக்கும் குழிக் குழாய்களை மூடி, குழாயை மேலே உயர்த்திக் கொடுங்கள்.

என்னைப் போன்ற அக்கா தங்கைகளுக்கு: மாத்திரையை விடாதீர்கள், தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், இரண்டு நாளுக்கு மேல் பேதி இருந்தால் வெட்கப்படாமல் மையத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். நான் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டதில் என் ரத்தத்தில் கிருமி, பரிசோதனையில் தெரியாத அளவுக்கு இறங்கிப் பல வருஷம் ஆகிறது. சந்தேகம் எதுவானாலும் 1097 என்ற எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்கலாம். அதற்குக் காசு கிடையாது, பெயரும் சொல்ல வேண்டியதில்லை.